புட்டிங் காய்த்த மரம்

ஜேபஸ் வாயைத் திறந்தால் தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் ஒரு முழம் ஏறும் என்று லாம்பெத் கரையில் பேசிக்கொள்வார்கள். அத்தனை புளுகு. வயது பதினாலு. அவன் சொன்ன பொய்களின் வயதையெல்லாம் கூட்டினால் தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்த நோவாவின் தாத்தாவே எழுந்து இடம் கொடுப்பார். நிலக்கரிப் படகில் மூட்டை தூக்கப் போய்த் திரும்பியே வராத அப்பன், ராஜாவின் படையில் முரசடிக்கப் போயிருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இருமி இருமியே செத்துப்போன அம்மாவைப் பற்றி மட்டும் அவன் பொய் சொன்னதில்லை. அவளைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

அவன் புளுகைக் கேட்டவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். நம்பியவன் ஒரே ஒருவன், தம்பி கிட். ஒன்பது வயது, உடம்பு ஈர்க்குச்சி, காது மட்டும் முறம். அந்தக் காதுக்குள் அண்ணன் போட்டது எதுவும் வெளியே வந்ததில்லை. நிலாவை மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துவைக்கிறார்கள் என்று ஜேபஸ் ஒருநாள் சொல்லிவிட்டான். அதிலிருந்து நிலா இல்லாத நாளெல்லாம் கிட் வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு வெளுக்கப் போட்டிருக்காங்கண்ணே" என்பான்.

இரண்டு பேரும் பாலத்துக்கு அடியில் வளர்ந்தார்கள். குளிர் காலம் வந்தது. சாதாரணக் குளிரா? பேசினால் பேச்சு உறைந்து கீழே விழும், பொறுக்கி நெருப்பில் காட்டினால்தான் என்ன சொன்னான் என்று கேட்கும், அந்த மாதிரிக் குளிர். கிட்டின் கால்விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. பூட்ஸ் கடை வாசலில் கயிறு கட்டி பூட்ஸைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜேபஸ் ஒன்றைப் பிடுங்கினான், கிட் ஒன்றைப் பிடுங்கினான். ஓடிய ஓட்டத்தில் லண்டன் நகரமே பின்பக்கமாக நகர்ந்தது. பாலத்துக்கு அடியில் வந்து உட்கார்ந்து மாட்டிப் பார்த்தால், இரண்டும் இடது கால்.

திருடனுக்குப் பயன்படக் கூடாது என்று ஒற்றைக் காலாகவே தொங்கவிடுவது கடைக்காரர்களின் வழக்கம். லண்டனில் இது நாய்க்கும் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"என்னண்ணே இது, ரெண்டும் ஒரே பக்கம் போகுது?"

"அப்படித்தான்டா போகும். இதப் போட்டுக்கிட்டு நடந்தா வட்டமா நடக்கலாம். வழியே தவறாது."

கிட் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து ஜேபஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாலத்து வளைவில் முட்டி மோதிப் பத்து மடங்காகி மேலே போக, அங்கே நின்றிருந்த போலீஸ்காரன் குனிந்து பார்த்தான். திருடியதற்காக அல்ல, சிரித்ததற்காகப் பிடிபட்டவர்கள் இவர்கள்தான்.

நீதிபதிக்குப் பசி வேளை. டோப்பாவைச் சரிசெய்துகொள்கிற நேரத்துக்குள் ஏழு வருஷம், கடல் கடந்து கைதித் தீவுக்கு என்று முடித்துவிட்டார். கூண்டுக் கம்பிக்கு மேலே கிட்டின் தலை தெரியவில்லை, காது மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணே, கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஜேபஸ் குனிந்து பார்த்தான். தம்பியின் கீழுதடு நடுங்க ஆரம்பித்திருந்தது. அந்த உதட்டை நிறுத்த அண்ணன் எதையும் சொல்வான்.

"அங்கயா? அங்க மரத்துல புட்டிங் காய்க்கும்டா."

உதடு நின்றது. "திராட்சை போட்டதா?"

"போடாதது கூட இருக்கு. ஆனா அத அங்க ஆட்டுக்குத்தான் போடுவாங்க."

இப்படித்தான் அந்த மரம் முளைத்தது.

கப்பலின் அடித்தளத்தில் பையன்களை மீன் அடுக்குவது போல அடுக்கி வைத்தார்கள். பிஸ்கெட்டில் அத்தனை புழு, தட்டில் வைத்தால் அதுவே நடந்து வாய்க்கு வந்துவிடும். அந்த இருட்டில் மரம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. வெயில் கொளுத்தும் கடலைத் தாண்டும்போது அதற்கு அடியில் கஸ்டர்ட் ஓடை ஓடியது. தெற்கே புயல் வந்தபோது ஒரு கிளையில் ஆட்டுக்கறிப் புட்டிங்கும் மறு கிளையில் ஆப்பிள் புட்டிங்கும் ஆவி பறக்கக் காய்த்தன. மற்றப் பையன்களும் தவழ்ந்து வந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவன் ராஃப். லண்டன் வொயிட்சேப்பல்காரன், எலி கடித்து ஒரு காது இல்லாதவன். எதையும் நம்பாதவன், ஆனால் முன்வரிசையில் வந்து உட்காருகிறவன்.

"ஏன்டா, ஒங்கப்பன் போய் நட்டு வெச்சானா அந்த மரத்த?"

"ஒனக்கு ஒரு காதுதான, பாதிதான் கேட்டிருக்கும். மறுபடி சொல்றேன், ஒழுங்கா கேளு."

ஒரு மாலுமி, ஊசியையும் அடுப்புக்கரியையும் வைத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் மணிக்கட்டிலும் மீன் பச்சை குத்திவிட்டான். கப்பல் ஆடிய ஆட்டத்தில் மீன் உருண்டைக் கட்டியாகிவிட்டது.

"அண்ணே, இது உருளைக்கிழங்கா?"

"மீன்டா. தூங்குது."

புயலில் கிட்டுக்குக் காய்ச்சல் வந்தது. இருமினான். அந்த இருமலை ஜேபஸ் முன்பே கேட்டிருக்கிறான், பாலத்துக்கு அடியில், அம்மாவிடமிருந்து. ஒருவாரம் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, தன் கம்பளியையும் அவன்மேல் போர்த்தி, வாய் ஓயாமல் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும் என்று அவனுக்கு ஒரு பயம். காய்ச்சல் இறங்கியது. அன்றைக்கு ஜேபஸ் மனசுக்குள் முடிவு செய்தான். இறங்குகிற இடம் நரகமாக இருந்தாலும் சரி, இவனும் நானும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இவனைத் தனியாக விட்டால் செத்துப்போவான். வேறு எதுவும் அவன் அந்தத் தீவிடம் கேட்கவில்லை.

கைதித் தீவின் ஹோபார்ட் துறையில் கப்பல் நின்றது. இறக்குவதற்கு முன்னால் ஒரு துரை ஏறி வந்து ஒவ்வொருவனையும் என்ன தொழில் தெரியும் என்று கேட்பார். இதற்காகக் கப்பல் முழுக்க ஒரே உபதேசம்தான். தொழில் சொல்லு, தெரியாவிட்டாலும் சொல்லு. தொழில் உள்ளவனை ஊருக்குள் யாராவது கடைக்கு எடுத்துக்கொள்வார்கள், அடுப்படியில் தூங்கலாம். தொழில் இல்லாத பையன்கள் எல்லாம் முனைக்கு. முனை என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை மூக்கு, பையன்களுக்கென்றே கட்டிய சிறை. அதனால் அன்று காலை அந்தக் கப்பலில் இருந்த தையல்காரர்கள், தீவிலுள்ள கங்காரு ஒவ்வொன்றுக்கும் கோட்டும் வேட்டைத் தொப்பியும் தைத்து மாட்டிவிடலாம், அத்தனை பேர். ராஃபும் தையல்காரனாகத்தான் நின்றான்.

ஜேபஸ் அப்படி ஊரோடு ஒத்துப் பொய் சொல்கிற ஆள் இல்லை. இரண்டு பேரும் ஒரே தொழில் சொன்னால் ஒரே கடைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டான். என்ன தொழில்? யோசித்தபோது அந்த இரண்டு இடது கால் பூட்ஸ்தான் நினைவுக்கு வந்தது.

கிட் துரைக்கு முன்னால் நின்று பேந்தப் பேந்த விழித்தான். ஜேபஸ் பின்னாலிருந்து எட்டி முந்திக்கொண்டான்.

"தம்பிக்குக் கூச்சம், துரை. பூட்ஸ் தைக்கிறவன். லண்டன்ல இவன் தைச்ச பூட்ஸப் போட்ட ஒரு சீமாட்டி, கழட்டவே மாட்டேன்னு கட்டில்லயும் அதோடயே படுத்தாங்க. புருஷன் கோவிச்சுக்கிட்டு வந்து கால் அளவு குடுத்துட்டுப் போனாரு. இவன் கைய அப்பவே விலைக்குக் கேட்டாங்க துரை, நாங்கதான் குடுக்கல."

துரை சிரித்தார். சிரித்து எத்தனை வருஷமோ, முகத்தில் அதற்கு வழியே இல்லாமல் சிரிப்பு தடுமாறியது. "நீ?"

"இவனுக்குக் கத்துக்குடுத்தவனே நான்தான்."

"பென்ட்லோன்னு ஒரு பூட்ஸ்காரர், சின்னப் பையன் ஒருத்தன் வேணும்னு கேட்டிருக்காரு." துரை கிட்டின் தோளைத் தட்டினார். "இவன் போகட்டும்."

"ரெண்டு பேரும்தான, துரை?"

"ஒருத்தன் போதும். ஒன்ன அனுப்பினா அந்தக் கடையில பேச்சு நடக்கும், வேலை நடக்காது. நீ முனைக்குப் போ."

ஜேபஸ் வரிசையை விட்டு முன்னால் வந்தான். "துரை, பொய் சொல்லிட்டேன் துரை! இவனுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. பூட்ஸையே இவன் ஒரு தடவதான் தொட்டிருக்கான், அதுவும் திருடும்போது. நெசமா சொல்றேன் துரை!"

"பார்த்தீங்களா," என்று துரை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "தம்பிக்கு நல்ல இடம் கிடைச்சதும் இவனுக்கு வயித்தெரிச்சல்."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். போஜனம் போகட்டும், அந்த வாய் பிறந்ததிலிருந்து முதல்முறையாக உண்மை பேசியது. அதை வாங்கிக்கொள்ள அந்தத் தளத்தில் ஒரு ஆள் இல்லை.

படகில் ஏற்றும்போது கிட் திரும்பிப் பார்த்தான். உதடு நடுங்கியது.

"அண்ணே, மரம் எந்தப் பக்கம்?"

"நான் போற பக்கம்தான்டா!" ஜேபஸ் கத்தினான். "நான் முன்னால போய்ப் பாத்து வைக்கிறேன்!"

உதடு நின்றது. படகு போய்விட்டது.

முனையில் அடிக்கிற காற்றைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பல்லைத் திறந்து சிரித்தவனின் பல் மறுநாள் எதிர்க்கரையில் கிடக்கும். இருந்த மரத்தையெல்லாம் வெட்டிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் வேர்க்கட்டைகள்தான். காலையில் கஞ்சி, பிறகு வேலை, ஜெபம், மறுபடி கஞ்சி. ஜெபத்தில் பேசியவனுக்கு இருட்டறை, இருட்டறையில் பாடியவனுக்குச் சவுக்கு. ஜேபஸ் முதல் மாதத்திலேயே இரண்டையும் பார்த்துவிட்டான். எதிரே கடலில் ஒரு குட்டித் தீவு இருந்தது. மரமும் பசுமையுமாக அந்த வட்டாரத்திலேயே அழகான இடம் அதுதான். செத்தவர்களைக் கொண்டுபோய்ப் புதைக்கிற இடமும் அதுதான். இருமல் பிடித்த பையன்கள் அங்கே படகில் போவார்கள். படகு மட்டும் திரும்பி வரும்.

ஜேபஸ் பூட்ஸ் பட்டறை வேலையைக் கேட்டு வாங்கினான். மேஸ்திரி ஹாலம், புன்னகை என்பதைத் தோலோடு சேர்த்து ஊறவைத்து மறந்துவிட்ட கிழவர்.

"ஒன் பொய்யவிட ஒன் தையல் கோணலா இருக்குடா."

"ரெண்டும் நேராகும் மேஸ்திரி, அவசரப்படாதீங்க."

படகு வருகிற நாளெல்லாம் துறையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கிட்டுக்குத் தைக்கத் தெரியாது. பென்ட்லோ இரண்டு நாளில் கண்டுபிடிப்பார், உதைத்து இங்கே துரத்துவார். வரட்டும், கஞ்சியில் பாதி கொடுக்கலாம், கம்பளியில் பாதி கொடுக்கலாம். தம்பி தோற்றுப்போக வேண்டும் என்று ஒருவன் இத்தனை ஆசையோடு ஜெபம் செய்தது அந்தச் சிறைக் கோயிலில் அதுவே முதல்முறை.

கிட் வரவில்லை. ராஃப்தான் வந்தான். ஹோபார்ட் தையல்கடையில் துரைசானி ஒருத்தியின் கவுனுக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டு, கேட்டதற்கு எதிர்த்தும் பேசியிருக்கிறான். கொஞ்ச மாதம் முனையில் இருந்து புத்தி வரட்டும் என்று அனுப்பியிருந்தார்கள்.

"ஒன் தம்பியப் பாத்தேன்டா," என்றான் கஞ்சிக் கிண்ணத்துக்கு மேலே. "அடேங்கப்பா, பன்னிக்குட்டி மாதிரி கன்னம் வந்துருச்சு."

"கிட்டுக்கா?"

"பென்ட்லோ பொண்டாட்டிக்குப் புள்ள கிடையாது. ஆட்டுக்கறியா ஊட்டிவிடுது. அடுப்புப் பக்கத்துல படுக்க. இருமல் போயே போச்சு. அதவிடக் கேளு, அந்தப் பயலுக்குத் தைக்க வருதுடா! குட்டி வெரலு பாரு, எங்க வேணா நுழையுதாம். நீ பொய் சொன்னேன்னு நெனச்ச, அது உண்மையாகிப் போச்சு."

ஜேபஸ் கஞ்சியைக் கீழே வைத்தான். அன்று சாயங்காலம் ஜெபத்தில் அவன் தன் விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டான். அவன் இங்கே வரவே கூடாது. என்ன ஆனாலும் வரக்கூடாது.

"என்னப் பத்திக் கேட்டானா?" என்றான் மறுநாள்.

"வேற என்ன கேப்பான்? எங்கண்ணன் மரத்தக் கண்டுபுடிச்சுட்டானா, கண்டுபுடிச்சுட்டானான்னு. எங்காதுல மிச்சம் இருந்ததும் போச்சு."

ராஃபின் தண்டனை முடிந்து படகேறுகிற காலை வந்தது. ஜேபஸின் முதுகில் முந்தின வாரத்துச் சவுக்கடி இன்னும் காயவில்லை. சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பிகிட்ட என்ன சொல்ல? உள்ளதச் சொல்லிரட்டுமா?"

"டேய், சொல்லிக்கில்லித் தொலைக்காத. அவன் சாப்புடமாட்டான். இருமல் திரும்பிரும்." ஜேபஸ் மூச்சை இழுத்தான். "மரம் இருக்குன்னு சொல்லு, வாசல்லயே இருக்குன்னு. காலைல எந்திரிச்சா மூஞ்சில ஒன்னு விழும், அதச் சாப்டுட்டுத்தான் மூஞ்சி கழுவறதுன்னு சொல்லு. இங்க உள்ள துரை என்னக் கேட்டுட்டுத்தான் தொப்பி மாட்டுறாரு. நான் படுக்கற கட்டில்ல..."

"நிறுத்துடா. எனக்கு இருக்கறது ஒரு காது, சின்ன மண்டை. சுருக்கிச் சொல்லு."

ஜேபஸ் யோசித்தான். "மரம் காய்ச்சிருக்குன்னு சொல்லு. போதும்."

ராஃப் படகிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டு போனான். ஜேபஸ் கை அசைத்தான். அசைத்த அசைப்பில் சட்டை முதுகிலிருந்து பிய்ந்தது. அதைக்கூட அவன் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் மாதம் பிறந்தது. அந்தத் தீவில் அதுதான் நடுக்குளிர். தோல் கட்டுகளை இறக்க ஜேபஸை மேஸ்திரி ஹாலத்தோடு துறைக்கு அனுப்பியிருந்தார்கள். படகில் தோலோடு நாலைந்து புதுப் பையன்களும் வந்தார்கள். எல்லாரும் அழுது முகம் வீங்கி இருந்தார்கள், ஒருவனைத் தவிர. அவன் கன்னம் திரண்டு, கண் மின்ன, கல்யாணத்துக்கு வந்தவன் போல எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காலில் பெரிய பூட்ஸ். அதைத் தூக்கி வைக்கவே அவனுக்கு இரண்டு கால் போதவில்லை.

"அண்ணே!"

தோல் கட்டு ஜேபஸின் தோளிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. மேஸ்திரி ஹாலம் கத்தியது அவன் காதில் விழவில்லை.

"எப்படிடா வந்த? யாருடா ஒன்ன அனுப்புனது?"

"நானேதாண்ணே வந்தேன்!" கிட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "ராஃப் வந்து சொன்னான்ல, மரம் காய்ச்சிருச்சுன்னு. தப்பு செஞ்சாத்தான் இங்க அனுப்புவாங்களாம். கடைக் கண்ணாடிய ஒடைச்சேன். அந்தம்மா ஒன்னும் சொல்லலண்ணே, கை கிழிஞ்சிருச்சான்னு பாத்துது. அப்பறம் இன்னொன்ன ஒடைச்சேன். அதுக்கும் மன்னிச்சுட்டாங்க. மூணாவது ஒடைச்சப்பத்தான் பென்ட்லோ கான்ஸ்டபிளக் கூப்புட்டாரு. அந்தம்மா தெருவுல உக்காந்து அழுதுதுண்ணே. எனக்கு அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

கிட் பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். உள்ளே அடைத்திருந்த கம்பளிப் பஞ்சை வெளியே உருவினான்.

"இது ஒனக்குண்ணே. நானே தைச்சேன். புடுங்கிருவாங்கன்னு கால்ல போட்டுட்டு வந்தேன். பாரு," இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். "ஒன்னு இடது, ஒன்னு வலது."

நல்ல தையல். ஜேபஸுக்கு இப்போது தையல் தெரியும். எட்டு மாதம் பட்டறையில் குனிந்தும் அவனுக்கு வராத நேர்த்தி. குதிகாலிலிருந்து நுனிவரை ஒரு நூல்கூட விலகவில்லை.

கிட் வெறுங்காலோடு எழுந்து நின்றான். "சரி, மரத்தக் காட்டுண்ணே."

ஜேபஸ் வாயைத் திறந்தான். தேம்ஸை ஒரு முழம் ஏற்றிய வாய். கப்பல் முழுக்கப் பையன்களுக்குச் சோறு போட்ட வாய். அதில் காற்று மட்டும் போய் வந்தது. ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் வராதா என்று பார்த்தான். வரவில்லை.

கிட் காத்திருந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சுற்றிலும் பார்த்தான். வேர்க்கட்டைகளைப் பார்த்தான். கல் சுமந்து வரிசையாகப் போகிற பையன்களைப் பார்த்தான். மேஸ்திரி கையிலிருந்த சவுக்கைப் பார்த்தான். அண்ணன் சட்டையின் தோளில், முதுகிலிருந்து ஏறி வந்து காய்ந்து கறுத்திருந்த கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தான். அவனுடைய கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. ஜேபஸ் அதைத் தடுக்கக் கையை நீட்டினான். கை எட்டுவதற்குள் கிட் உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டான்.

"குளிர்காலம்லண்ணே," என்றான். "எலை எல்லாம் உதிர்ந்திருக்கும். இப்பப் பாத்தாத் தெரியாது."

"ஆமாடா," என்றான் ஜேபஸ்.

"வெயில் வந்தாத் துளுத்துரும்."

"ஆமா."

அந்தத் தீவின் மரங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்ப்பதில்லை. எதிர்த்தாற்போல் கடலுக்குள் அந்தக் குட்டித் தீவு பச்சைப் பசேலென்று நின்றது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வரிசைக்கு வாங்கடா, சோம்பேறிகளா!" என்று ஹாலம் கூப்பிட்டார்.

"வந்துட்டோம் மேஸ்திரி," என்றான் ஜேபஸ். குனிந்து பூட்ஸை எடுத்துத் தம்பியின் காலிலேயே மறுபடி மாட்டி, பஞ்சை விரலால் இறுக்கி அடைத்தான். வரிசையில் போய் நின்றதும், காற்று வருகிற பக்கமாகத் தான் மாறி நின்றுகொண்டான்.